ஒன்பதாவது தலை

முதல் குற்றவாளி என் சட்டையின் வலது கைப் பொத்தான். இரண்டாவது குற்றவாளி அந்தச் சட்டைக்குள் இருந்தவன்.

சம்பந்தி வீட்டு மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத்தான் விட்டேன்; சுருட்டியது நான் கேட்காமலேயே அவிழ்ந்துகொண்டது. பொத்தான் எதிலோ மாட்டியது. மீன்தான் பிடித்து இழுக்கிறது என்று பயந்து கையை வெடுக்கென்று உருவினேன். பாறை உச்சியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்த பவளம் தலைகுப்புறக் கவிழ்ந்து, கண்ணாடியில் ஒரு இடி இடித்து, மணலில் போய் விழுந்தது. விழும்போது ஒன்று. விழுந்து கிடந்தபோது நான்கு.

அதைச் சுத்தியல் பவளம் என்று சொல்லலாம். கடையில் கேட்டால் ஹாமர் என்பார்கள். பார்ப்பதற்குச் செடி, ஆனால் செடி இல்லை, பிராணி. கல்லாலான கிளைகள், ஒவ்வொரு கிளை நுனியிலும் சதைப்பிடிப்பான ஒரு தலை, தலை நிறைய விரல்கள். விரல் நுனி ஒவ்வொன்றும் குட்டிச் சுத்தியல் போலத் தட்டையாக, பச்சையும் பொன்னும் கலந்த நிறத்தில் நீரோட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். சம்பந்தி அதை ஒற்றைத் தலையாக வாங்கிவந்து எட்டு வருஷம் வளர்த்து ஒன்பது தலை ஆக்கியிருந்தார். காலையில் எழுந்தால் பெற்ற மகன் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் முகத்தைத்தான் பார்ப்பார். ஒன்பது முகம் இருந்ததால் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கையை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். முன்வரிசைத் தலையின் வாய் நடுவில் ஒரு பிளவு தெரிந்தது. நான் பல் மருத்துவர்களுக்குப் பல் செட்டும் பல் உறையும் செய்து கொடுக்கிற கூடம் வைத்திருப்பவன். வாயில் விரிசலைக் கண்டால் என் கை தானாக நீளும். தொழில் புத்தி.

எனக்கும் சம்பந்திக்கும் ஐந்து வருஷப் பழக்கம். இந்த ஐந்து வருஷத்தில் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் ஒரு உண்மையைக்கூடப் பேசியது கிடையாது. சண்டையெல்லாம் இல்லை. மரியாதை. ஒருமுறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மின்விசிறி நின்றுபோய், மனுஷருக்கு வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "காத்து நல்லா வருதுங்க உங்க வீட்டுல" என்றார். நானும் சளைத்தவன் இல்லை. அவர் வீட்டு சோபாவில் கம்பிச்சுருள் ஒன்று வெளியே வந்திருக்கிறது. அதன் மேல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, "என்ன சொகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தவன். இத்தனைக்கும் அவர் மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற உத்தியோகத்தில் இருப்பவர். லிஃப்டைப் பார்த்தால் "நிறுத்து, எல்லாரும் எறங்குங்க" என்று கறாராகச் சொல்லுகிற வாய், என்னைப் பார்த்தால் பஞ்சாகிவிடும்.

அதுதான் என் பயமே. என் ஒரே மகள், குட்டி, அந்த வீட்டு மருமகள். அவளைப் பற்றி அவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "தங்கமான பொண்ணுங்க" என்பார். காற்று வராத விசிறியையும் அவர் அப்படித்தான் புகழ்ந்தார். திட்டுகிறவர் என்றால் திட்டு எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இவர் விழுங்குகிறவர். விழுங்கியது எங்கே போய்ச் சேரும்? என் மேல் வந்த கோபம் மெல்ல நகர்ந்து, 'அப்பனைப் போலத்தானே பொண்ணும்' என்று அவள் தலையில் உட்கார்ந்துவிட்டால்?

குட்டியும் மாப்பிள்ளையும் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார்கள். புது வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுக்க சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் ஒரு மாதம் போய் இருப்பது என்று ஏற்பாடு. தொட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தேன்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?" என்றார்.

"சிரமமா? பக்கத்துத் தெருதானே சம்பந்தி?"

"இல்லைங்க, தொட்டிக் கடைக்காரர் வந்து பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"கடைக்காரர் வெளி ஆளு சம்பந்தி. நான் இருக்கும்போது வெளி ஆளு எதுக்கு?"

அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்? மரத்துப்போக ஊசி போடாமல் பல்லைப் பிடுங்கக் கொடுக்கிறவர் மாதிரி சாவியைக் கொடுத்தார். "தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ போனா கேன்ல இருக்கற உப்பில்லாத தண்ணி கொஞ்சம் ஊத்துங்க. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி. மத்தபடி நீங்க சும்மா பாத்துக்கிட்டா போதுங்க." இதையே லிஃப்டில் எழுதுவதாக இருந்தால் சிவப்பு எழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருப்பார். நான்காவது நாளே தொட்டேன்.

ஈரக் கையோடு மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"சம்பந்தி வீட்ல."

"கொரல் ஏன் இப்படி இருக்கு? எதை ஒடச்சீங்க?"

இருபத்தெட்டு வருஷ தாம்பத்தியம். அவளிடம் குரலை மறைக்க முடியாது. சொன்னேன்.

"உண்மையச் சொல்லிடுங்க அவர்கிட்ட."

"சொன்னா 'பரவாயில்லைங்க'ம்பார்."

"நல்லதுதானே?"

"அதான் பயமா இருக்கு. அந்த 'பரவாயில்லை'க்கு உள்ள என்ன இருக்குன்னு யாரு தெறந்து பாக்கறது?"

"தெறந்து பாக்கத்தான் கைய விட்டீங்க, பாத்தீங்கல்ல என்ன ஆச்சுன்னு" என்று போனை வைத்தாள்.

உடைந்த மூன்று துண்டுகளையும் சம்பந்தியம்மாவின் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு போட்டுக்கொண்டு தொட்டிக் கடைக்கு ஓடினேன். அந்தக் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் 'பாக்கலாம்'. அந்த மனுஷரிடம் எதைக் கேட்டாலும் பதில் அதுதான். டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"ஒடஞ்சுதா, ஒடச்சீங்களா?"

"விழுந்துச்சு."

"அதுவா விழுந்துச்சா?"

"நான் பக்கத்துல இருந்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டார். "ஹாமர் ஒடஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது சார். நாங்களே வெட்டித்தான் பெருக்குறோம். கிளையோட அடிப்பக்கம் வெறும் சுண்ணாம்பு, உயிர் எல்லாம் மேல ரெண்டு வெரக்கடைதான். இந்த ரெண்டு துண்டும் கீழ, வெறும் கல்லுல ஒடஞ்சிருக்கு. பசை போட்டு ஒட்டிடலாம். இதுதான்..." மூன்றாவது துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். சதையோரம் கிழிந்து, விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு சுருங்கிக் கிடந்தது. "ஆமா, இது எப்ப ரெண்டு வாயாச்சு?"

"அது விரிசல்ங்க. அதைப் பாக்கத்தான் கைய விட்டேன்."

கடைக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்வரை சிரித்தார். "விரிசல் இல்ல சார். ஒரு தலை ரெண்டு தலையாப் பிரியுது. மொதல்ல வாய் ரெண்டாகும், அப்புறம் சதை பிரியும், அப்புறம் கல்லும் ரெண்டு கிளையாகும். மாசக்கணக்கு ஆகும். பிரசவ வார்டுக்குள்ள பூந்து கட்டிலக் கவுத்துட்டு வந்திருக்கீங்க."

"பொழைக்குமா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"கிழிஞ்ச எடத்துல பழுப்பா கூழ் மாதிரி வந்துதுன்னா முடிஞ்சுது. பக்கத்துல இருக்கறதுக்கும் ஒட்டிக்கும். அதனால இதைப் பழைய தொட்டியில போடாதீங்க, தனியா வைங்க." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது நம்ம லிஃப்ட் சார் வீட்டு ஹாமராச்சே?" என்றார்.

"நீங்க அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க."

"பாக்கலாம்."

அன்று மதியமே என் பல் கூடத்தில் அறுவை சிகிச்சை. பல் அறுக்கிற மெல்லிய வைரத் தட்டால், சூடேறாமல் உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே, சதைக்கு ஒரு விரல் கீழே கல்லை நேராக வெட்டினேன். கடைக்காரர் சொன்னபடி அயோடின் கலந்த தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி எடுத்து, ஒரு பீங்கான் வில்லையில் ஒட்டினேன். அவரே இரவல் கொடுத்த குட்டித் தொட்டி, விளக்கு, சூடாக்கி, அவர் தொட்டியிலிருந்து எடுத்த ஒரு பாறைத் துண்டு எல்லாவற்றையும் கூடத்து அலமாரியில் பொருத்தினேன். இடப்பக்கம் பல்லில்லாத சுண்ணாம்புத் தாடைகள், வலப்பக்கம் பல்லுள்ள சுண்ணாம்புத் தாடைகள். நடுவில் நோயாளி.

மற்ற இரண்டு தலைகளையும் சம்பந்தி வீட்டில், நீர் சுழற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, முறிந்த இடத்திலேயே ஒட்டினேன். ஒட்டு தெரியவில்லை. பெருமையடிப்பதாக நினைக்க வேண்டாம். ஒட்டு தெரியாமல் ஒட்டுவதுதான் முப்பது வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது. எட்டுத் தலையும் மறுநாளே விரிந்துவிட்டன. ஆனால் முன்பக்கம் ஓட்டை. முன்பல் போன வாய் மாதிரி ஓட்டை. யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க என் தொழில் விடாது.

நீங்கள் நினைப்பது சரி. பல் செட்டு செய்தேன்.

மெல்லிய ஈறுக்காரர்களுக்குச் செட்டின் அடியில் வைக்கிற மிருதுவான சிலிக்கான் ஒன்று உண்டு. மனுஷர் வாயில் வருஷக்கணக்கில் கிடப்பது, உப்புத் தண்ணீரிலும் கிடக்கும். பல்லின் நிறம் பொருத்திப் பார்க்கிற பட்டையைக் கொண்டுபோய்த் தொட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பவளத்துக்கு அதில் நிறம் இல்லை. நானே சாயம் கலந்தேன். தண்டுக்குப் பாசிப் பழுப்பு, நுனிக்குப் பச்சைப் பொன். நாற்பத்திரண்டு விரல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சுத்தியல், நடுவில் அச்சு அசலாக இரண்டு வாய். மூன்று நாள் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கவில்லை. கொண்டுபோய் ஒட்டி மோட்டாரைப் போட்டதும், அடடா, மற்ற எட்டோடு சேர்ந்து ஆடியது பாருங்கள்! என் மகள் பள்ளிக்கூட மேடையில் ஆடியபோதுகூட நான் அப்படி நெஞ்சு விம்மி நின்றதில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

மனைவியை அழைத்துவந்து காட்டினேன். "எது பொய்த்தலைன்னு கண்டுபிடி பாக்கலாம்."

அவள் தொட்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சு இந்த ரூம்ல ஒரே ஒரு பொய்த்தலைதான் இருக்கு."

அதற்கடுத்த நாள்தான் நான் கணக்கில் சேர்க்காத ஒன்று நடந்தது. தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. இந்த வகை மீன் ஹாமரின் விரல்களுக்குள் மெத்தை மாதிரி புரளும் என்பார்கள். சம்பந்தியின் மீன்கள் எட்டு வருஷமாக அதன் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மோட்டாருக்குப் பின்னால் மூலையில்தான் குடித்தனம். நான் போய்ப் பார்த்தபோது, இரண்டில் சின்னது என் சிலிக்கான் தலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தது. நிஜ ஹாமரின் விரல் தொட்டால் கொட்டும்; இது கொட்டாத மெத்தை அல்லவா!

அந்த நேரம் பார்த்து வீடியோவில் சம்பந்தி.

"எல்லாம் நல்லா இருக்குங்களா?"

"எல்லாத் தலையும் நல்லா இருக்கு சம்பந்தி."

போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் ஒரு அலறல். "அட! மீன் ஒக்காந்துடுச்சே! ஹாமர்ல ஒக்காந்துடுச்சே! ஏய், இங்க வாயேன், வந்து பாரு!" சம்பந்தியம்மா வந்தார், மாப்பிள்ளை வந்தார், என் குட்டியும் வந்தாள். ஐந்து வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எட்டு வருஷமா தவம் கெடந்தேன் சம்பந்தி. உங்க கை ராசிங்க, உங்க கை ராசி" என்றார். திரை ஓரத்தில் குட்டி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். உடைத்தது ஒரு பாவம் என்றால், இப்போது அந்த மனுஷரின் சந்தோஷமே சிலிக்கானில் நின்றுகொண்டிருந்தது.

அத்தோடு நான் நின்றிருக்க வேண்டும். அடுத்த வாரம் அவர், "அந்த முன்தலை ரெண்டா பிரிஞ்சுக்கிட்டு இருந்துச்சே, ஏதாவது முன்னேற்றம் தெரியுதுங்களா?" என்று கேட்டுத் தொலைத்தார். "தெரியுது, தெரியுது" என்று என் வாய் சொல்லிவிட்டது. வாய் சொன்னால் கை செய்தாக வேண்டும். பழைய தலையை எடுத்துவிட்டு, இடுப்பு நன்றாகச் சுருங்கிய, கிட்டத்தட்டப் பிரிந்துவிட்ட இரண்டாம் பதிப்பை ஒட்டினேன். மீன் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டது. பிறகு புதுமனை புகுந்தது.

"அடுத்து அதுக்குப் பல்லு மொளைக்க வைப்பீங்களா?" என்றாள் மனைவி.

காலையில் தொட்டிக்குப் போவேன். மதியத்துக்குள் கூடத்துக்குத் திரும்பி நோயாளியைப் பார்ப்பேன். ஊர் உறவில் யாருக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை. பத்து நாள் சுருங்கியே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு விரல் எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு விரல், அதன் நுனியில் கடுகளவு சுத்தியல். கூடத்தில் யாருமில்லை, சுண்ணாம்புத் தாடைகளிடம்தான் சொன்னேன்.

மாதம் முடிந்து சம்பந்தி வந்தார். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன் போய்க் குனிந்து நின்றார். நான் பின்னால் நின்று அவர் பிடரியைப் படித்தேன். பிடரியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அருமையா பாத்துக்கிட்டீங்க" என்றார். "மாசக்கணக்குல பிரிய வேண்டியது மூணு வாரத்துல பிரிஞ்சிருக்கு பாருங்க."

"உப்பு... இந்தத் தண்ணி ஒத்துக்கிச்சு போல."

"இருக்கும்ங்க."

இதற்கு என்ன அர்த்தம்? 'இருக்கும்' என்றால் நம்புகிறாரா, நம்பவில்லையா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் பத்து விதமாகச் சொல்லிக் காட்டினேன். பத்தும் ஒரே மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்த இரண்டு மாதமும் ஏதாவது ஒரு சாக்கு வைத்து அவர் வீட்டுக்குப் போனேன். "தொட்டி எப்படி இருக்கு சம்பந்தி?" "நல்லா இருக்குங்க." "ஹாமர்?" "அதுக்கென்னங்க." "மீனு?" "அங்கேயேதாங்க இருக்கு." பொய்த்தலை அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. இதற்கு நடுவில் குட்டி ஒரு நாள் போனில், "அப்பா, மாமா முன்ன மாதிரி அடிக்கடி பேசறதில்லப்பா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

கடைக்காரரிடம் ஓடினேன். "நீங்க ஏதாவது சொன்னீங்களா?" அவர் யோசித்துவிட்டு, "சொன்னா மாதிரி ஞாபகம் இல்ல சார்" என்றார்.

அப்போதுதான் சம்பந்தியின் முன்பல் உடைந்தது. மின்தூக்கிக் கிணற்றுக்குள் இறங்கும்போது இரண்டு கையும் ஏணியில் இருக்கும். கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் இறங்குவாராம். கால் தடுக்கியதில் விளக்கு அப்படியே இருந்தது, பல் பாதி போயிற்று. என் கூடத்துக்கு மாடியில்தான் பல் டாக்டர். அவர் அச்செடுத்துக் கீழே அனுப்ப, உறை நான்தான் செய்தேன். மாட்டிப் பார்க்கிற அன்று டாக்டரே படியிறங்கி வந்தார், பின்னால் சம்பந்தி.

"உங்க சொந்தக்காரராமே? நீங்களே கேளுங்க. சரியா இருக்கான்னு மூணு தடவ கேட்டுட்டேன், மூணு தடவையும் பரவாயில்லைங்கறார். எனக்கு மேல ஆள் காத்துக்கிட்டு இருக்கு" என்று ஓடிவிட்டார்.

நாற்காலிக்கு நேர் எதிரே அலமாரி. படியில் காலடி கேட்டபோதே என் மேலங்கியைத் தூக்கிக் குட்டித் தொட்டியின் மேல் போட்டிருந்தேன். அது உள்ளேயிருந்து நீலமாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

சம்பந்தி அதைப் பார்த்தார். "அது என்னங்க?"

"வெளக்கு."

"துணிக்குள்ளயா?"

"கண்ணு கூசும்னு."

"சரிங்க."

கடி இடிக்கிற இடத்தில் மை ஒட்டுகிற நீலக் காகிதத்தை அவர் பல்லிடையில் வைத்தேன். "கடிங்க. ஒயரமா இருக்கா?"

"பரவாயில்லைங்க."

காகிதத்தை எடுத்துப் பார்த்தால் உறையின் மேல் மை அப்பிக் கிடக்கிறது. வாயே சரியாக மூட முடியாத உயரம்.

"வலிக்குதா?"

"அவ்வளவா இல்லைங்க."

எனக்குள் இருந்த சம்பந்தி அந்த இடத்தில் எழுந்து போய்விட்டான். பல் செய்கிறவன் மட்டும் பாக்கி. "இந்தா பாருங்க, இது என் தொழில். இங்க 'பரவாயில்லை'ன்னு ஒரு அளவு கெடையாது. நீங்க மரியாதைக்குச் சொல்ற ஒவ்வொரு 'பரவாயில்லை'க்கும் தாடை எலும்பு அடி வாங்கும். லிஃப்டு நடுவுல நின்னா பரவாயில்லைன்னு எழுதுவீங்களா? வலிக்குதா, இல்லையா?"

சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்குது" என்றார். "கடிச்சா மண்டை வரைக்கும் போகுது."

உறையைக் கழற்றி ஒரு ராவு ராவினேன். "இப்ப?"

"இன்னும் இருக்கு."

"இப்ப?"

"இடது பக்கம் மட்டும்."

"இப்ப?"

"இப்ப இல்ல." நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு."

அந்த 'நல்லா' வேறு மாதிரி இருந்தது. அந்தச் சூட்டிலேயே நான் போய் மேலங்கியை இழுத்துவிட்டேன். மூன்று மாதத்துக்குப் பிறகு நோயாளி முழுக்க விரிந்திருந்தது. கிழிந்த இடம் தெரியவில்லை. நடுவில் இடுப்பு லேசாகச் சுருங்க ஆரம்பித்திருந்தது. நான் பொய்யில் மூன்று வாரத்தில் முடித்த வேலையை அது மெய்யில் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"சம்பந்தி, இது உங்களோடது. உங்க வீட்ல முன்னால இருக்கறது..."

"தெரியும்ங்க."

"எப்போலேர்ந்து?"

"வந்த அன்னைக்கே. சாயந்தரம் ஏழு மணிக்குத் தொட்டி வெளக்கு மங்கும். எட்டுத் தலையும் விரலை உள்ள இழுத்துக்கிச்சு. ஒண்ணு மட்டும் விரிச்ச கைய விரிச்சபடியே நின்னுச்சு."

காலையில் மட்டும் போய்ப் போய் அதை நான் பார்க்கவே இல்லை. முப்பது வருஷத் தொழில்காரன், தூங்கும்போது வாய் மூடும் என்பதை மறந்துபோனேன்.

"அப்பவே புடுங்கிப் போட்டிருக்கலாமே சம்பந்தி?"

"ரெண்டு தடவ கைய விட்டேன். மீன் கடிச்சுடுச்சு." விரலை நீட்டிக் காட்டினார். "அதுக்கு அது வீடு. அதுகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

எழுந்து அலமாரியருகே போய்க் குனிந்து, அந்த ஒற்றைத் தலையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியில் விரலை வைத்து, இருக்கிறதிலேயே சின்ன சுத்தியலைத் தொட்டுப் பார்ப்பது போலத் தொட்டார்.

"சம்பந்தி," என்றேன். "என் மேல கோவமா? நேரா சொல்லிடுங்க. பரவாயில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. அப்புறம்... குட்டி மேல..."

திரும்பினார். லிஃப்டைப் பார்க்கிற பார்வை. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அது என் மேல் விழுந்தது.

"அவ மேல எதுக்குக் கோவம்? வந்த மொத மாசமே என் மூக்குக் கண்ணாடிய மிதிச்சு ஒடச்சுட்டு, ரெண்டு துண்டையும் கையில எடுத்துக்கிட்டு நேரா எங்கிட்ட வந்து நின்னா. 'மாமா, நான்தான் ஒடச்சேன், திட்டறதுன்னா திட்டிடுங்க'ன்னா. அது அவங்கம்மா வளர்ப்புன்னு இப்பத்தான் புரியுது. எனக்குக் கோவம்தான். ரெண்டரை மாசமா கோவம். அதுல ஒரு பொட்டுகூட அந்தப் பொண்ணு மேல இல்ல. முழுசா உங்க மேலதான்."